மேட்டு நகரங்களில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் ஏன் இவ்வளவு குறைவு?

கேள்வி இது: ஏற்றமும் இறக்கமுமாகக் கிடக்கும் நகரங்களில் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களை ஏன் விரல்விட்டு எண்ணிவிட முடிகிறது? மேடு ஒன்றுதான் காரணமா, இல்லை மக்களுக்குச் சோம்பலா?

சோம்பல் என்ற பேச்சை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். மேட்டு நகரத்து மக்கள் மற்றவர்களைவிட அதிகமாகவே உடம்பை வருத்துகிறவர்கள். வீட்டுக்குப் போகவே படிக்கட்டுகளில் ஏறி இறங்குகிறவர்கள் அவர்கள். மேடுதான் காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது வேலை செய்கிற விதம் பலர் நினைப்பதுபோல் நேரடியானது அல்ல. சைக்கிள் வேலைக்குப் போக ஏற்ற வண்டியாக இருப்பதற்குச் சில காரணங்கள் உண்டு: வியர்க்காமல் போய்ச் சேரலாம், எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று தெரியும், கடைக்கும் பள்ளிக்கும் வழியில் நின்று போகலாம், பெரிய சாலையை விட்டு உள்தெரு வழியாக நழுவலாம். மேடு இவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொள்கிறது.

மேட்டின் பங்கு எவ்வளவு என்று பார்க்க சீனத்தின் சோங்சிங் நகரம் நல்ல உதாரணம். 1980களில் சீன நகரங்களின் தெருக்கள் முழுக்கச் சைக்கிள்தான். வேலைக்கு, சந்தைக்கு, பள்ளிக்கு எல்லாவற்றுக்கும் அதுவே வண்டி. அதே நாடு, அதே காலம், ஏறக்குறைய அதே வருமானம், கடையில் கிடைத்ததும் அதே வகை சைக்கிள். ஆனாலும் யாங்சி ஆறும் ஜியாலிங் ஆறும் கூடுமிடத்தில் மலைமேல் எழுந்த சோங்சிங் மட்டும் சைக்கிள் இல்லாத நகரம் என்று பெயரெடுத்தது. அங்கே சரக்கைத் தூக்கியவர்கள் மூங்கில் கழியைத் தோளில் வைத்துப் படியேறிய சுமைதூக்கிகள். ஜப்பானின் நாகசாகியும் அப்படித்தான். சைக்கிளுக்குப் பெயர்போன அந்த நாட்டில், பெரியவர்களாகியும் சைக்கிள் ஓட்டப் பழகாதவர்கள் நாகசாகியில் சாதாரணமாக இருக்கிறார்கள். சிறுவயதில் ஓட்டிப் பழகத் தட்டையான இடமே கிடைக்காவிட்டால் பிறகு எங்கே பழகுவது?

இனி கணக்குக்கு வருவோம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், விஷயத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

70 கிலோ எடையுள்ள ஒருவர் 15 கிலோ எடையுள்ள சாதாரண சைக்கிளில் சமதரையில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறார். டயர் உராய்வையும் காற்றின் தடையையும் சமாளிக்க அவருக்கு 50 முதல் 60 வாட் திறன் போதும். நிதானமாக நடப்பது போன்ற உழைப்புதான், பேசிக்கொண்டே மிதிக்கலாம். இப்போது அதே சாலை 5 சதவீதம் ஏறுகிறது, அதாவது 100 மீட்டர் போனால் 5 மீட்டர் உயரம். அதே வேகத்தைத் தக்கவைக்க 230 வாட் அளவுக்கு வேண்டும், நான்கு மடங்கு. பயிற்சி பெற்ற பந்தய வீரருக்கு இது பெரிய காரியமில்லை. பழக்கமில்லாத ஒருவரால் சில நிமிடங்களுக்கு மேல் இதைத் தாங்க முடியாது. சிரமமில்லாமல் தொடர்ந்து தரக்கூடியது அவருக்கு 75 முதல் 100 வாட்தான்.

ஆகவே அவர் வேகத்தைக் குறைக்கிறார். மணிக்கு 8 கிலோமீட்டருக்கு இறங்கினால் 110 வாட், சமாளிக்கலாம். ஆனால் ஏற்றம் 10 சதவீதமானால்? மணிக்கு 6 கிலோமீட்டரில் போனாலும் 150 வாட் வேண்டும். அந்த வேகத்துக்குக் கீழே போனால் சைக்கிள் தள்ளாடுகிறது, ஹேண்டில்பார் இடமும் வலமும் அலைபாய்கிறது, இறங்கித் தள்ள வேண்டியதுதான். சமதரையில் வேகம் குறைத்தால் உழைப்பு சுகமாகக் குறையும். செங்குத்தான ஏற்றத்தில் குறைக்க இடமே இருக்காது. இந்த ஒன்றுதான் சாதாரண மனிதரை விரட்டுகிறது.

கவனிக்க வேண்டியது, மொத்த உழைப்பு அப்படியொன்றும் பெரிதில்லை. 60 மீட்டர் உயரம் ஏற, அதாவது ஏறக்குறைய 20 மாடி உயரம், உடல் செலவழிப்பது சுமார் 50 கலோரிதான். மேட்டைக் கண்டு பயப்படுகிறவரிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார். அவரைத் திணறடிப்பது அந்த 50 கலோரியைச் சில நிமிடங்களுக்குள் கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம்.

அடுத்தது வியர்வை. வேலைக்குப் போகிறவர்களிடம் பேசிப் பார்த்தால் மூச்சு வாங்குவதைவிட இதைத்தான் அதிகம் சொல்வார்கள். உடல் எரிக்கும் சக்தியில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாகவே பெடலுக்குப் போகிறது, மீதி வெப்பமாகிறது. சமதரையில் 55 வாட் மிதித்தால் கூடவே 175 வாட் வெப்பம் உண்டாகும். 15 கிலோமீட்டர் வேகத்தில் முகத்தில் அடிக்கும் காற்றே அதை வாங்கிக்கொண்டு போய்விடும். 5 சதவீத ஏற்றத்தில் 110 வாட் மிதிக்கும்போது 350 வாட் வெப்பம், ஆனால் வேகம் 8 கிலோமீட்டர். வெப்பம் இரண்டு மடங்கு, குளிர்விக்கும் காற்று பாதி. அதற்குமேல் முதுகில் ஒரு பை இருந்தால் அந்த இடத்தில் காற்றே படாது. ஏறி முடித்து நின்ற பிறகும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு வியர்வை நிற்காது, ஏனென்றால் உடம்புக்குள் சேர்ந்த சூடு இறங்க நேரமாகும். அலுவலக வாசலில் இறங்கி நேராகக் கூட்டத்துக்குள் நுழைய வேண்டியவருக்கு அந்தப் பத்து நிமிடம்தான் பிரச்சினை.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வீடு மேட்டிலும் வேலை பள்ளத்திலும் இருந்தால் கதை வேறு. காலையில் மிதிக்காமலே இறங்கிவிடலாம், சட்டை கசங்காது. மாலையில் வியர்த்தால் வீட்டில் குளித்துக்கொள்ளலாம். மேட்டு நகரத்தில் சைக்கிளில் போகிற சிலரில் கணிசமானோர் இப்படி அமைந்தவர்களாகவே இருப்பார்கள் என்று நினைக்கிறேன். நடுவில் ஒரு பள்ளம், இரண்டு பக்கமும் மேடு என்று அமைந்தவர்தான் பாவம். அவருக்குப் போகும்போதும் ஏற்றம், வரும்போதும் ஏற்றம்.

சைக்கிளையும் பார்க்க வேண்டும். உலகில் பெரும்பாலானோர் ஓட்டிப் பழகியது கியர் இல்லாத சைக்கிள். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் உள்ள சக்கரம், 28 அங்குல டயர் என்று வைத்துக்கொண்டால், பெடலை ஒரு சுற்று மிதித்தால் சைக்கிள் சுமார் 5.4 மீட்டர் நகரும். சமதரைக்கு இது அருமையான அளவு. 8 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் இதே சைக்கிளை ஓட்டினால் நிமிடத்துக்கு 25 சுற்றுதான் கால் சுற்றும். கால்களுக்கு இசைவான வேகம் நிமிடத்துக்கு 60க்கு மேல். அவ்வளவு மெதுவாகச் சுற்றும்போது ஒவ்வொரு மிதிக்கும் சராசரியாக 38 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் வேண்டும், பெடல் முன்பக்கம் கிடைமட்டமாக வரும் கணத்தில் அது உடல் எடை முழுவதையும் தொட்டுவிடும். அதனால்தான் மேடு வந்ததும் எல்லோரும் சீட்டை விட்டு எழுந்து நின்று மிதிக்கிறார்கள். மூச்சு தாங்கும், முட்டி தாங்காது. முன்னால் 28, பின்னால் 34 பல் என்று ஒரு தாழ்ந்த கியர் இருந்தால் அதே வேகத்தில் கால் நிமிடத்துக்கு 73 சுற்று சுற்றும், அழுத்தம் சராசரியாக 13 கிலோவுக்கு இறங்கிவிடும். மனிதரும் மேடும் மாறவில்லை, பல்சக்கரம் மட்டும்தான் மாறியது. கியர் சைக்கிள் விற்கும் கடைகளிலும் இந்த அளவுக்குத் தாழ்ந்த கியர் உள்ளதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். 21 கியர் என்று பெரிதாக எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். எத்தனை கியர் என்பது மேட்டுக்குத் தேவையில்லை, கடைசிக் கியர் எவ்வளவு தாழ்ந்தது என்பதுதான் தேவை.

சுமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. பின்னால் 20 கிலோ குழந்தை, முன்கூடையில் 10 கிலோ சாமான் என்று 30 கிலோ கூடினால், சமதரையில் சுமார் 10 வாட்தான் கூடுதலாகத் தேவை, கவனிக்கவே மாட்டீர்கள். 5 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 10 கிலோமீட்டரில் போனால் அதே சுமை 45 வாட்டுக்கு மேல் கூட்டிவிடும். குழந்தையைப் பள்ளியில் விட்டு, வேலைக்குப் போய், வரும்போது காய்கறி வாங்கி வருவது என்று ஒரே பயணத்தில் நாலு வேலையைக் கோத்து முடிக்கிறவர்கள் எல்லா ஊரிலும் பெரும்பாலும் பெண்கள். சமவெளி நகரங்களில் சைக்கிள் அவர்களுக்கு உற்ற துணை. மேட்டு நகரத்தில் முதலில் சைக்கிளை விட்டு விலகுகிறவர்களும் அவர்கள்தான். அந்த நகரங்களின் சாலையில் தென்படும் சைக்கிள்காரர்கள் பெரும்பாலும் திடகாத்திரமான இளைஞர்களாக இருப்பதற்கு இது ஒரு காரணம். அவர்களைப் பார்த்து, சைக்கிள் என்பது விளையாட்டு வீரர்கள் சமாச்சாரம் என்று மற்றவர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள்.

ஏறினால் இறங்கத்தானே வேண்டும், அப்போது நேரம் ஈடுகட்டிவிடாதா என்று கேட்பார்கள். ஈடுகட்டாது. 2 கிலோமீட்டர் ஏற்றத்தை 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏற 15 நிமிடம். 2 கிலோமீட்டர் இறக்கத்தை 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்க 4 நிமிடம். மொத்தம் 19 நிமிடம். சமதரையில் அதே 4 கிலோமீட்டருக்கு 16 நிமிடம்தான். மெதுவாகப் போகும் பகுதியில்தான் அதிக நேரம் கழிகிறது, வேகமாகப் போகும் பகுதி சட்டென்று முடிந்துவிடுகிறது. அதுவும் இறக்கத்தின் அடியில் சிக்னல் இருந்தால் (பள்ளத்தில்தான் சாலைகள் கூடும், சிக்னலும் அங்கேதான் இருக்கும்) சேர்த்த வேகத்தை எல்லாம் பிரேக்கில் கரைத்துவிட்டு, அடுத்த மேட்டை நின்ற நிலையிலிருந்து தொடங்க வேண்டும்.

இறங்குவதும் சும்மா வருவதில்லை. 8 சதவீத இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் விட்டால் சாதாரண சைக்கிளே மணிக்கு 45 கிலோமீட்டரைத் தொடும். 15 கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்தத் தேவைப்படும் தூரத்தைப்போல 40 கிலோமீட்டர் வேகத்தில் ஏழு மடங்கு தேவை, இறக்கம் அதையும் கொஞ்சம் நீட்டும். மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் ரப்பர் கட்டை பிடிக்கவே பிடிக்காது. சாலையில் ஒரு குழி, வளைவில் கொஞ்சம் மணல், திடீரென்று திறக்கும் ஒரு கார்க் கதவு போதும். ஏறும்போது களைப்பு, இறங்கும்போது பயம் என்றால் புதிதாக முயல்கிறவர் இரண்டாம் வாரம் வண்டியை மூலையில் சாத்திவிடுவார்.

இவ்வளவும் உடம்பும் வண்டியும் சார்ந்தவை. என் கணிப்பில் இவற்றைவிடக் கெடுதல் செய்வது சாலையின் அமைப்பு.

சமவெளி நகரத்தில் பெரிய சாலைக்கு இணையாக நாலு தெரு ஓடும். லாரியும் பஸ்ஸும் பெரிய சாலையில் போகட்டும் என்று சைக்கிள்காரர் இரண்டு தெரு தள்ளி நிம்மதியாகப் போகலாம். மேட்டு நகரத்தில் சரிவு மென்மையாக ஏறும் பாதை பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான், பள்ளத்தாக்கை ஒட்டியோ மலையைச் சுற்றியோ போகும். பஸ், லாரி, கார், எல்லாம் அந்தப் பாதையைத்தான் நம்பியிருக்கின்றன. பக்கத்துத் தெருக்களோ செங்குத்து, அல்லது படிக்கட்டில் முடிபவை. ஒரு பக்கம் தடுப்புச் சுவர், மறுபக்கம் பள்ளம் என்று இருக்கும் சாலையை அகலப்படுத்தவும் எளிதில் முடியாது. ஆக, மணிக்கு 8 கிலோமீட்டரில் தள்ளாடி ஏறுகிறவர், பின்னால் 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பஸ்ஸோடு ஒரே தடத்தைப் பங்கிட வேண்டும். பின்னால் ஹார்ன் அடிக்கும்போது மேட்டில் ஓரம் ஒதுங்கி நின்றால், திரும்பக் கிளம்புவது பெரும்பாடு. ஆண்டுக்கணக்கில் ஓட்டியவர்களே இந்த இடத்தில் இறங்கித் தள்ளுவதைப் பார்க்கலாம், களைப்பால் அல்ல, பயத்தால்.

இணைப் பாதை ஒன்று இருந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான் பிரான்சிஸ்கோ உதாரணம். அந்த நகரத்தில் மலையைப் பொருட்படுத்தாமல் கட்டம் போட்டுத் தெரு அமைத்தார்கள். ஃபில்பர்ட் தெருவின் ஒரு பகுதி 31.5 சதவீதம் ஏறுகிறது. ஆனால் மார்க்கெட் தெருவிலிருந்து கோல்டன் கேட் பூங்காப் பக்கம் போக, மேடுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் ஒரு மைல் நீளப் பாதை உண்டு. 'விகிள்' என்பது அதன் பெயர். சராசரி ஏற்றம் 3 சதவீதம், எங்கேயும் 6 சதவீதத்தைத் தாண்டாது. நகரத்திலேயே சைக்கிள்கள் மிக அதிகமாகப் போகும் தடங்களில் அதுவும் ஒன்று. மலை அங்கேயேதான் இருக்கிறது. சுற்றிப் போக ஒரு வழி கிடைத்ததும் மக்கள் வந்துவிட்டார்கள்.

மக்கள் மேட்டை எப்படி எடைபோடுகிறார்கள் என்பதை வாடகைச் சைக்கிள் திட்டங்கள் நேரடியாகவே காட்டின. பாரிஸில் 2007இல் வெலிப் தொடங்கியபோது மோன்மார்த்ர் போன்ற மேடான பகுதிகளின் நிலையங்கள் அடிக்கடி காலியாகின. தண்ணீர் பள்ளத்தைத் தேடி ஓடுவதுபோல சைக்கிள்கள் கீழே இறங்கிக்கொண்டே இருந்தன, மேலே திரும்பவில்லை. லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோய் வைக்க வேண்டியிருந்தது. பிறகு மேட்டு நிலையங்களில் கொண்டுவந்து விடுகிறவர்களுக்கு 15 நிமிடம் கூடுதலாக இலவசம் என்று அறிவித்தார்கள். சியாட்டிலில் 2014இல் தொடங்கிய ப்ரோன்டோ திட்டம் 2017இல் மூடப்பட்டது. கியர் இருந்தும் கனமான சைக்கிள், ஏற்றம், மழை, கட்டாய ஹெல்மெட், நிலையங்களுக்கு இடையே தூரம் என்று எல்லாம் சேர்ந்து அதை வீழ்த்தின. ஒரே ஒரு காரணத்தால் என்று சொல்ல முடியாது. மேடு எப்போதும் இப்படித்தான், மற்றக் குறைகளோடு கைகோத்து வரும்.

சமதரை மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. ஹூஸ்டனும் மயாமியும் பலகைபோலத் தட்டையானவை, அங்கே வேலைக்குச் சைக்கிளில் போகிறவர்கள் மிகச் சிலர். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரம் ஆற்றுப் பள்ளத்திலும் மேட்டிலுமாக அமைந்தது, ஆனாலும் அங்கே சைக்கிள் சர்வ சாதாரணம். தனித் தடமும், நிறுத்த இடமும், மெதுவாகப் போகும் கார்களும் இருக்கும் ஊரில் மேடு ஒரு தொல்லை, அவ்வளவுதான். இவை இல்லாத ஊரில் அதுவே கடைசி அடி.

மின் உதவிச் சைக்கிள் வந்த பிறகு கணக்கின் முதல் பாதி மாறிவிட்டது. 1993இல் ஜப்பானில் யமஹா வெளியிட்ட பாஸ் சைக்கிள்தான் இந்த வகையில் முதலில் விற்பனைக்கு வந்தது. பெடலை மிதித்தால் மோட்டாரும் சேர்ந்து தள்ளும். ஐரோப்பிய விதிப்படி மோட்டாரின் தொடர் திறன் 250 வாட்டுக்கு மேல் போகக் கூடாது, மணிக்கு 25 கிலோமீட்டரில் உதவி நின்றுவிட வேண்டும். 250 வாட் குறைவாகத் தோன்றலாம். மேலே பார்த்த கணக்கோடு ஒப்பிடுங்கள்: நம் கால்கள் தருவதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். 5 சதவீத ஏற்றத்தைச் சமதரைபோல வியர்க்காமல் ஏறிவிடலாம், குழந்தையையும் சாமானையும் வைத்துக்கொண்டே. 300 மீட்டர் உயரம் ஏறினாலும் 400 வாட்‌மணி பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்குதான் செலவாகும். ஜெர்மனியில் 2023இல் விற்ற சைக்கிள்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான். லிஸ்பன் 2017இல் வாடகைச் சைக்கிள் தொடங்கியபோது அந்த மலைநகரத்துக்குத் தக்கபடி பெரும்பாலானவற்றை மின் சைக்கிளாகவே வைத்தது.

ஆனால் இது எல்லாருக்கும் தீர்வாகாது. விலை ஒரு தடை. எடை இன்னொன்று: 22, 25 கிலோ வண்டியைச் சாலையில் ஓட்டுவது சுலபம், வீட்டுக்குப் போகும் 60 படிகளில் தூக்குவது சுலபமில்லை. மேட்டு நகரங்களில் வீடுகள் படிகளின் உச்சியில்தான் இருக்கின்றன. படியின் அடியில் பூட்டி வைக்கப் பாதுகாப்பான இடமும், பேட்டரியை மட்டும் கழற்றி எடுத்துப்போகும் வசதியும் இல்லாவிட்டால் வாங்கியவரும் விற்றுவிடுவார். பின்னால் வரும் பஸ்ஸின் பயத்தையும் மோட்டார் பாதியே குறைக்கும்.

நகரங்கள் வேறு வழிகளையும் முயன்றிருக்கின்றன. நார்வேயின் ட்ரொன்ஹைமில் 1993இல் சைக்கிளுக்கென்றே ஒரு தூக்கி அமைத்தார்கள். 130 மீட்டர் நீளமுள்ள செங்குத்தான தெருவில், ஓரத்துப் பள்ளத்துக்குள் ஓடும் கம்பிவடம் ஒரு மிதிதட்டைத் தள்ளும். சைக்கிளில் உட்கார்ந்தபடியே வலது காலை அதில் ஊன்றி விறைப்பாக நீட்டிக்கொண்டால் மேலே கொண்டுபோய் விட்டுவிடும். 2013இல் அதைப் புதுப்பித்தார்கள். ஸ்டுட்கார்ட்டில் பல்சக்கர ரயில், முன்னால் ஒரு திறந்த பெட்டியில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிறது. இவை அழகான ஏற்பாடுகள், ஆனால் ஓர் இடத்துக்கு உதவுபவை.

எந்த ஊருக்கும் பொருந்துகிற, செலவு குறைந்த வேலை ஒன்று இருக்கிறது. சாலையில் இரண்டு பக்கமும் சைக்கிள் தடம் போட அகலம் இல்லையென்றால், இருக்கும் இடத்தை முழுவதும் ஏறும் பக்கத்துக்குக் கொடுக்க வேண்டும். இறங்குகிறவர் கிட்டத்தட்ட கார் வேகத்தில் போகிறார், அவர் பொதுத்தடத்தின் நடுவில் போவதே பாதுகாப்பு, ஓரத்துக் குழியும் கார்க் கதவும் அவருக்கு எட்டாது. ஏறுகிறவர்தான் மெதுவாக, தள்ளாடிக்கொண்டு, மற்றவர்களைவிட வெகுநேரம் அந்தச் சாலையில் இருக்கிறார். சியாட்டில் பல மேட்டுச் சாலைகளில் இப்படி ஏறும் பக்கம் மட்டும் தடம் போட்டிருக்கிறது. தள்ளாடுவதற்கும் இடம் வேண்டும் என்பதால் ஏறும் தடம் சமதரைத் தடத்தைவிட அகலமாக இருப்பது நல்லது. நடுவே மூச்சு வாங்க ஒதுங்கி நிற்க ஓர் இடமும், அங்கிருந்து திரும்பக் கிளம்ப ஓரடி தட்டையான தரையும் இருந்தால் இன்னும் நல்லது.

நீங்களே முயன்று பார்க்க நினைத்தால், உங்கள் பாதையின் மொத்தத் தூரத்தைக் கணக்கிட வேண்டாம். மிகச் செங்குத்தான 200 மீட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள், போவதா வேண்டாமா என்பதை அந்தத் துண்டுதான் முடிவு செய்கிறது. அதைச் சுற்றிப் போக ஒரு கிலோமீட்டர் கூடினாலும் சுற்றியே போங்கள். வழியில்லை என்றால் அந்த 200 மீட்டரை இறங்கித் தள்ளுங்கள், மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகாது. பையை முதுகிலிருந்து எடுத்துக் கேரியரில் கட்டுங்கள். பின்சக்கரத்தில் 34 பல் போடச் சொல்லி மெக்கானிக்கிடம் கேளுங்கள். பிரேக் கட்டைகளை மழைக்காலத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.